ஈசிஜி நார்மல், மூச்சு மட்டும் முட்டுகிறது

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சுங்க. எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா நெஞ்சுல யாரோ கைய வச்சு அழுத்துற மாதிரியே இருக்கு, மூச்சு முழுசா இறங்க மாட்டேங்குது." முப்பது வயதுக்காரரும் இதைச் சொல்கிறார், அறுபது வயது அம்மாவும் சொல்கிறார். ரிப்போர்ட் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் போகிறார்கள். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், வாட்ஸ்அப் குழு என்று எல்லோரிடமும் யோசனை கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. எந்த வரிசையில் கேட்கிறோம், என்ன சொல்லிக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கும்போதே உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஏறுகிறது, குளிர்ந்த வியர்வை கொட்டுகிறது, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, மயக்கம் வருகிறது என்றால் டீயைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் வியர்வையும் அசதியும் மட்டுமாகக்கூட மாரடைப்பு வரும். "வலிக்கலையே, அப்ப ஹார்ட்டா இருக்காது" என்று காத்திருக்க வேண்டாம்.

நம் ஊரில் இந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்பது வாயு. சோடா குடி, ஓமத்தண்ணி குடி, ஜெலுசில் ரெண்டு ஸ்பூன் ஊத்து, காலையில பாத்துக்கலாம். இப்படிச் சொல்பவர்களை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். உடம்பே நம்மை அப்படி ஏமாற்றும் விதத்தில்தான் அமைந்திருக்கிறது. இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் உணவுக்குழாயிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் போய்ச் சேர்கின்றன. வலி எங்கிருந்து கிளம்பியது என்று மூளையால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. மாரடைப்பு வந்தவருக்கும் ஏப்பம் வரும், குமட்டும். ஏப்பம் விட்டதும் லேசாகிவிட்டது போலத் தோன்றவும் செய்யும். இன்னொரு சங்கடமும் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் நெஞ்சு பிடிப்பது இதய ரத்தக்குழாய் அடைப்பின் பழைய அடையாளம். 1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்த நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தபோதே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்: நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது, சாப்பிட்ட பிறகு நடந்தால் இன்னும் சீக்கிரம் வருகிறது, நின்றுவிட்டால் போய்விடுகிறது. சாப்பிட்டதும் வருவதால் அதை வயிற்றுக் கோளாறு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் உயிரை எடுக்கக்கூடியவை ஒவ்வொன்றும் இல்லை என்று ஆக வேண்டும். வாயுவின் முறை அதற்குப் பிறகுதான் வரும். இதய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கிவிடும். அதனால் மாலையில் திறக்கும் கிளினிக்குக்குக் காத்திருக்காமல், இரவும் பகலும் டாக்டரும் ஈசிஜி மிஷினும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும். பைக் பின்னால் உட்கார்ந்து போவதைவிட 108 மேல். வழியிலேயே கவனிக்க ஆள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம் திட்டம்' வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் என்று மூன்று மருந்துகள் சேர்ந்த முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸால் இணைத்துப் பார்த்த தமிழ்நாடு ஸ்டெமி (ஒருவகை மாரடைப்பு) ஆய்வு 2017-இல் வெளியானது. 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்காமல், யார் எங்கே எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதை ஒழுங்கு செய்ததில் கிடைத்த உயிர்கள் இவை.

சரி, உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. போனீர்கள், பார்த்தார்கள், நார்மல் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம்.

ஈசிஜி எடுத்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். மெல்லிய மெத்தை போட்ட கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். வலது கையில் சிவப்பு கிளிப், இடது கையில் மஞ்சள், இடது காலில் பச்சை, வலது காலில் கறுப்பு. நெஞ்சில் சில்லென்று ஜெல் தடவி ஆறு ரப்பர் குமிழ்களை ஒட்டவைத்தார்கள். ஆடாமல், பேசாமல் படுத்திருந்தீர்கள். கட்டம் போட்ட இளஞ்சிவப்புத் தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடியது. அந்தத் தாளில் பதிவானது சுமார் பத்து விநாடி. நீங்கள் ஓய்வாகப் படுத்திருந்த பத்து விநாடி. மாடிப்படி ஏறும்போது மட்டும் வரும் இறுக்கம் அந்தப் பத்து விநாடியில் ஏன் தெரிய வேண்டும்? தெருமுனையில் பத்து விநாடி நின்று பார்த்துவிட்டு இந்தத் தெருவுக்குத் திருடன் வருவதே இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

ஈசிஜியைக் குறை சொல்லவில்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதைப்போல வேகமும் மலிவும் உள்ள கருவி வேறு இல்லை. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும், அதுவும் அந்த நேரத்துக்கான பதில். சந்தேகம் இருந்தால் இன்னொரு ஈசிஜி எடுப்பதும், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்வதும் அதனால்தான். இதயத் தசை அடிபட்டால் அந்தப் புரதம் ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும். நடக்கும்போது வரும் வலிக்கு டிரெட்மில் சோதனை. எப்போதோ வந்து போகும் படபடப்புக்கு 24 மணி நேரம் உடம்போடு கட்டிவிடும் ஹோல்டர். ஆஞ்சியோகிராமே நார்மல் என்று வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருந்து நெஞ்சு வலிக்கலாம். பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறார்கள். "ஆஞ்சியோ நார்மல், போங்க" என்று சொன்ன பிறகும் வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அவளை நம்ப வேண்டும்.

பெண்களைப் பற்றி இன்னொன்று. ஈசிஜி எடுக்க மேலாடையைத் தளர்த்த வேண்டும் என்பதற்காகவே வலியைச் சொல்லாமல் தள்ளிப்போடுகிற அம்மாக்கள், அத்தைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். திரை போடச் சொல்லலாம், பெண் ஊழியரைக் கேட்கலாம், துணைக்கு ஒருவர் கூட நிற்கலாம். கூட்டிக்கொண்டு போகிறவர் முன்கூட்டியே இதைச் சொல்லித் தைரியம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

நுரையீரலுக்கும் இதே கதைதான். எக்ஸ்ரேயில் ஆஸ்துமா தெரியாது. பகலில் நன்றாக ஊதிக் காட்டுகிற ஆஸ்துமாக்காரருக்கு விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இருமலும் இளைப்பும் வரும். மதியம் எடுத்த ஸ்பைரோமெட்ரி நார்மலாக இருக்கும். கால் ரத்தக்குழாயில் உறைந்த கட்டி நகர்ந்துபோய் நுரையீரலில் அடைத்துக்கொண்டால் எக்ஸ்ரேயும் ஈசிஜியும் பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். பிரசவம் ஆகிச் சில வாரங்கள், ஆபரேஷன், காலில் மாவுக்கட்டு, நீண்ட பயணம், கருத்தடை மாத்திரை, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்று ஏதாவது இருந்து திடீரென்று மூச்சு வாங்கினால் அதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் சொல்லப்படாத அந்த ஒரு வரியால் உயிர் போவதுண்டு.

பீடி சிகரெட்டைத் தொடாத பாட்டிக்கு ஏன் இளைக்கிறது? முப்பது நாற்பது வருடம் விறகடுப்பின் முன்னால் குனிந்து ஊதாங்குழலில் ஊதியிருக்கிறாள். அந்தப் புகை போதும்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆக்சிஜனைச் சுமந்து போகிற ஹீமோகுளோபின் குறைந்தால் இதயம் வேகமாக அடித்துத்தான் ஈடுகட்டும். படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98, 99 என்று காட்டும். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. ஹீமோகுளோபினே பாதிதான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எக்கோ எடுக்கிறோம், சிடி எடுக்கிறோம், மாதவிடாய் எத்தனை நாள் நீள்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. ரத்தசோகை என்று தெரிந்தாலும் இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திவிடாமல் ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

இளம்பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் முதன்முறையாக மூச்சு வாங்கினால், "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விடாமல் எக்கோ ஒன்று பார்ப்பது நல்லது. சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணைத் தொடர்ந்த வாதக்காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவைத்திருந்தால், கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் கூடும்போதுதான் அது வெளியே தெரியும்.

இனி மனம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இளம் வயதுக்காரர், ஒல்லி, ஈசிஜி நார்மல் என்றதும் "டென்ஷன்தான்" என்று முதலிலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள். பரிசோதித்துப் பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு அது. அதேபோல, அந்த முடிவு வந்துவிட்டால் "அப்ப நான் நடிக்கிறேனா?" என்று நோயாளி கோபப்படவும் தேவையில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பரிசோதித்த ஜேக்கப் டகோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் இதைத்தான் எழுதினார்: நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் எல்லாம் உண்டு, ஆனால் இதயத்தில் கைக்குக் கிடைக்கிற கோளாறு எதுவும் பலரிடம் இல்லை. துப்பாக்கி தூக்கிப் போரிட்டவர்களை யாரும் கோழை என்று சொல்லிவிட முடியாது.

உடம்புக்குள் நடப்பது இது. பயத்தில் தேவைக்கு மேல் மூச்சு இழுக்கிறோம். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தில் கட்டற்று இருக்கும் கால்சியம் குறைந்து விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது, சிலருக்கு விரல்கள் மடங்கிக்கொள்ளும். நெஞ்சுக்கூடு ஏற்கெனவே விரிந்து நிற்பதால் அதற்குமேல் இழுக்க இடமில்லை. "முழுசா இறங்கல" என்ற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக இழுக்கிறோம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணிந்துவிடும். பேப்பர் கவரை மூக்கில் வைத்து ஊதும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் அது ஆபத்து. மூச்சை ஆழமாக இழுக்க முயல்வதை விட்டுவிட்டு, வெளியே விடுவதை நீளமாக, மெதுவாகச் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது, மருந்தும் பேச்சுவழிப் பயிற்சியும் இரண்டுமே பலன் தருகின்றன. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் ஒருமுறை பேனிக் (திடீர்ப் பீதி) என்று சொல்லப்பட்டவர்களுக்கு இன்னொரு நாள் மாரடைப்பு வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. புது மாதிரியான வலி, உழைத்தால் வருகிற வலி, மயக்கத்தோடு வருகிற படபடப்பு என்றால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் பையோடு ஒரு பக்கக் குறிப்பும் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தபோது, எத்தனை நிமிடம் நீடித்தது, எதனால் தணிந்தது. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலியா, உள்ளங்கையை வைத்துக் காட்டுகிற வலியா. படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்திக்கொள்கிறீர்களா, தூங்கி ஒரு மணி நேரத்தில் எழுந்து ஜன்னலருகே உட்காருகிறீர்களா, காலில் விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நாட்டு மருந்து உட்பட. வீட்டில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா.

வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று. "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டால் அம்மா இல்லை என்பார். பொய் சொல்லவில்லை, மூச்சு வாங்க வைக்கிற வேலைகளை ஒவ்வொன்றாக அவர் விட்டிருப்பார். ஆகவே போன வருடம் செய்ததில் இப்போது எதையெல்லாம் செய்வதில்லை என்று கேளுங்கள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போவதில்லை, தண்ணீர்க் குடத்தை ஒரே மூச்சில் கொண்டுவருவதில்லை, மலைக்கோயிலுக்குப் போனால் கீழேயே உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார், மார்க்கெட் போகும் வழியில் தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று பேசுகிறேன் என்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். இந்தப் பதில்களை அப்படியே எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள்.