கோர்ஸ் முடிச்சும் வயிற்றுக் கிருமி போகலையா? எச்.பைலோரிக்கு 'சென்சிட்டிவிட்டி டெஸ்ட்' எப்படி நடக்கிறது?

வட்டக்கோட்டையில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் எண்டோஸ்கோபி பார்க்கிறார். 'எச்.பைலோரி' கிருமி இருக்கு என்று 14 நாள் மாத்திரை தருகிறார்கள். ஒரு வேளை விடாமல் சாப்பிடுகிறார். மறுபடி டெஸ்ட் எடுத்தால், கிருமி அப்படியே இருக்கு!

தப்பு யார் மேல? அவர் மேலயும் இல்ல, டாக்டர் மேலயும் இல்ல. அந்த மருந்தை எதிர்க்கும் சக்தி கிருமிக்கு ஏற்கெனவே இருந்திருக்கலாம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் சென்சிட்டிவிட்டி டெஸ்ட். சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாக எழுதித் தரும் இந்த டெஸ்ட், வயிற்றுக் கிருமிக்கு மட்டும் ஏன் அபூர்வம்?

எச்.பைலோரி என்றால் என்ன?

இரைப்பையின் உட்சுவரில், அமிலத்துக்கு நடுவிலேயே வாழும் பாக்டீரியா இது. அல்சருக்கு முக்கியக் காரணம். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் இதைச் சேர்த்தது. ஆனால் கிருமி உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வராது. பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது.

லேபில் என்ன நடக்கிறது?

எண்டோஸ்கோபியின்போது இரைப்பையிலிருந்து துளியூண்டு சதை எடுப்பார்கள். அதை ரத்தம் கலந்த அகர் தட்டில் தடவி, 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். சாதாரணக் காற்று இதற்கு ஆகாது. ஆக்சிஜன் சுமார் 5 சதவீதம்தான் இருக்கணும், கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வேணும்.

வளர மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் முதலில் இதை வளர்க்க முயன்றபோது, இரண்டு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று தட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. கிருமி வளர்ந்திருந்தது! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த கிருமியைப் புதுத் தட்டில் பரப்பி, மேலே 'ஈ-டெஸ்ட்' பட்டையை வைப்பார்கள். பட்டையின் ஒரு முனையில் மருந்து அதிகம், மறுமுனையில் குறைவு. எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறதோ, அதுதான் கணக்கு. ஐரோப்பிய அளவுகோல்படி, கிளாரித்ரோமைசினுக்கு அது லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினால் 'ரெசிஸ்டன்ட்'. இதற்கும் சில நாள் ஆகும்.

இந்தியாவில் நிலைமை எப்படி?

சென்னை, ஹைதராபாத் உள்ளிட்ட நகரங்களில் எடுத்த 259 கிருமி மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2003-இல் வெளியானது. மெட்ரோனிடசோலுக்குச் சுமார் 78 சதவீதமும், கிளாரித்ரோமைசினுக்குச் சுமார் 45 சதவீதமும் அடங்கவில்லை.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். வயிற்றுப்போக்கு, பல்வலி என்றால் மெட்ரோனிடசோல். சளி, இருமல் என்றால் அசித்ரோமைசின். இந்த அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றதும் பலிக்காமல் போகலாம்.

அப்போ ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை?

கிருமி உயிரோடு லேபுக்குப் போய்ச் சேரணும். அதற்கான திரவத்தில் போட்டு, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்கணும். இதை வளர்க்கும் வசதி எல்லா ஊர் லேபிலும் கிடையாது. சென்னைக்கு அனுப்பணும் என்றால் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் ஒரு ராத்திரி ஆகும். வழியில் ஐஸ் உருகினால் வேலை கெட்டது.

இதற்கு மாற்று பிசிஆர். கிருமி செத்திருந்தாலும் அதன் மரபணுவில் கிளாரித்ரோமைசின் எதிர்ப்புக்கான மாற்றம் இருக்கா என்று சொல்லிவிடும். மலத்திலிருந்தும் பார்க்கலாம்.

நீங்க என்ன செய்யணும்?

* முன்பு எந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீங்க என்று டாக்டரிடம் சொல்லுங்க. பழைய சீட்டு இருந்தால் கையோடு கொண்டு போங்க.
* எரிச்சல் நின்றாலும் கோர்ஸை பாதியில் விடாதீங்க.
* கிருமி போயிடுச்சா என்று பார்க்கும் டெஸ்ட்டை, கோர்ஸ் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து எடுக்கணும். அதற்கு 2 வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தணுமா என்று டாக்டரிடம் கேளுங்க. இல்லாவிட்டால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.
* முதல் கோர்ஸ் பலிக்கவில்லை என்றால், அதே மாத்திரையை மெடிக்கலில் வாங்கி மறுபடி சாப்பிடாதீங்க. சென்சிட்டிவிட்டி டெஸ்ட் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.