விளக்கு வார்க்கும் ஊர்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பிரயாணஞ் செய்வோர், கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து பேராதனையை அணுகுமுன், பிலிமத்தலாவையில் வீதியோரத்தே பித்தளைக் கடைகள் வரிசையாக நிற்பதைக் காண்பர். குத்துவிளக்கும் தட்டமும் மணியும் கடைக்குக் கடை மின்னும். ஒரே பொருளை விற்போர் இத்தனை பேர் ஏன் ஓரிடத்திற் கூடவேண்டும்? ஆளுக்கோர் ஊரிற் கடை விரித்தால் இலாபம் பெருகாதோ என நம் வீட்டுப் பிள்ளைகள் வினவக்கூடும்.

இவ்வினாவுக்கு விடை கூறியவருள் முதன்மையானவர் இங்கிலாந்துப் பொருளியலறிஞர் அல்பிரட் மார்ஷல். தொழில் ஓரிடத்திற் செறிந்தால் தேர்ந்த தொழிலாளர் எளிதிற் கிடைப்பர், துணைத் தொழில்கள் அருகே தோன்றும், நுட்பம் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தானே பரவும் என்று 1890இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார்.

பித்தளைத் தொழிலில் இதனைத் தெளிவாகக் காணலாம். பித்தளை, செம்பும் துத்தநாகமுங் கலந்த உலோகம். செம்பு உருக ஏறத்தாழ 1,085 பாகை சென்ரிகிரேட் வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இத்தகைய உலையின் பதத்தை ஏட்டிற் படித்தறிதல் அரிது. தந்தையின் அருகிலும் அயலவர் பட்டறையிலும் நின்று கண்ணாற் கற்கவேண்டும். மேலும், வார்ப்பவர், அராவி மெருகிடுபவர், சித்திரஞ் செதுக்குபவர், பழைய பித்தளை கொணர்பவர் எனப் பலர் தேவை. தனித்த ஒரு பட்டறை இவர்கள் அனைவர்க்கும் ஆண்டு முழுதும் வேலை கொடுக்க இயலாது. பல பட்டறைகள் கூடினால் இயலும்.

கண்டி மன்னர் காலத்தில் அரண்மனைக்கும் ஆலயங்களுக்கும் பணிபுரிந்த கைவினைஞர் ஊதியமாக நிலம் பெற்றதை, சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். நிலம் இருந்த இடத்திற் குடி நிலைத்தது. குடி நிலைத்த இடத்தில் வித்தை நிலைத்தது. 1815இல் அவ்வரசு வீழ்ந்தது. வாங்குவோர் மாறினர், வித்தை மறையவில்லை.

கண்டிக்குக் கிழக்கே பல்லேகலையில் அரசு அமைத்த கைத்தொழிற் பேட்டை வேறு வகையது. அங்கே தொழிற்சாலைகள் திட்டமிட்டு ஒரே வளவில் அமைக்கப்பட்டன. மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் பல குடும்பங்களைத் தாங்குகின்றன. ஆயினும் நம் நாட்டின் ஏற்றுமதி ஆடைத் தொழிலுக்கு வேண்டிய துணியிற் பெரும்பகுதி பிறநாட்டிலிருந்தே வருகிறது. ஆகவே அத்தகைய தொழிலாற் பிரதேசத்திற் தங்குவது பெரும்பாலும் கூலியே. அயலிலிருந்தே நூலும் பொத்தானும் பெட்டியும் வாங்கப்படுமாயின், ஒரு தொழிற்சாலை பத்துத் தொழில்களை ஈன்றெடுக்கும்.

உலைக்களத்துப் பிள்ளை புகையை வெறுத்து உறுதியான சம்பளத்தை நாடினால் நாம் குறை கூறமாட்டோம். எனினும் ஒரு பட்டறை மூடப்படின் இழப்பு அவ்வீட்டோடு நில்லாது. மெருகிடுபவர்க்கும் செதுக்குபவர்க்கும் வேலை குறையும். அடுத்த பட்டறையும் தளரும். கூடி வளர்ந்த தொழில் தேய்வதும் கூடியே.

அடுத்த முறை அவ்வீதியில் ஒரு விளக்கு வாங்கும்போது, வார்த்தவர் யார், மெருகிட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை வீடுகளின் அடுப்பு அவ்வொரு விளக்கால் எரிகிறது என்பது அப்போது புலப்படும்.