மேல்வலியும் கால் குடைச்சலும்: எக்ஸ்ரேயில் தெரியாத இரு நோய்கள்

"மேலெல்லாம் வலிக்குதுங்க ஐயா. ராத்திரி படுத்தா காலுக்குள்ள என்னமோ ஊருது, தூங்கவே முடியல." பூண்டுலோயா, தவலந்தென்னை, ரம்பொடைப் பக்கத் தோட்டங்களின் டிஸ்பென்சரிகளில் இப்படிச் சொல்லும் பெண்களுக்குப் பெரும்பாலும் பனடோல்தான் கிடைக்கும். கூடை சுமந்து மலை ஏறி இறங்குகிறவருக்கு உடம்பு வலிக்காமல் இருக்குமா என்று மருந்து கொடுப்பவர் நினைக்கிறார். வலியோடு வந்தவரும் அப்படியே நினைத்துக்கொண்டு திரும்புகிறார். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு வெவ்வேறு நோய்களைச் சொல்லக்கூடும். முதலாவது பைப்ரோமயால்ஜியா. இரண்டாவதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், அதாவது அமைதியற்ற கால் நோய் என்கிறார்கள்; இங்கே அதைக் கால் குடைச்சல் என்றே சொல்கிறேன். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருவது அபூர்வமல்ல.

பைப்ரோமயால்ஜியாவில் தசையோ மூட்டோ பழுதாவதில்லை. வலியை உணரும் நரம்பு மண்டலம் அளவு மீறிப் பதில் தருகிறது. இரண்டு கிலோ கொழுந்தை வைத்தால் பத்துக் கிலோ காட்டும் தராசு மாதிரி. அதனால் வலி பொய்யாகிவிடாது, அனுபவிப்பவருக்கு அது முழு வலிதான். மூன்று மாதத்துக்குக் குறையாமல் உடம்பின் பல பகுதிகளிலும் நோவு, எவ்வளவு படுத்தாலும் எழும்பும்போதே களைப்பு, சொல்ல வந்தது மறந்துபோதல் ஆகியவை இதன் அடையாளங்கள். 1990 இல் அமெரிக்க வாதவியல் கல்லூரி வகுத்த முறையில் உடம்பின் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது நோவு இருந்தால்தான் இந்த நோய் என்றார்கள். 2010 இல் அந்த அழுத்திப் பார்க்கும் முறையைக் கைவிட்டு, நோயாளி சொல்வதையே அடிப்படையாக்கினார்கள். உலக அளவில் நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கிறார்கள், அவர்களில் பெண்களே அதிகம்.

கால் குடைச்சல் பழைய நோய். 1672 இலேயே ஆங்கிலேய மருத்துவர் தோமஸ் வில்லிஸ் இதை எழுதிவைத்தார். 1945 இல் சுவீடனின் நரம்பியல் மருத்துவர் எக்பொம் இதற்குப் பெயரிட்டு விரிவாக விளக்கினார். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற அடக்கமுடியாத உந்துதல் வரும். சும்மா இருந்தால் கூடும், எழும்பி நடந்தால் தணியும், பகலைவிட அந்தியிலும் இரவிலும் மோசமாகும். இந்த நான்கும் சேர்ந்திருந்தால் மருத்துவர் இதைச் சந்தேகிக்க வேண்டும். கெண்டைக்கால் திடீரெனக் கல்லாகி இழுத்துப் பிடிப்பது வேறு. சர்க்கரை நோயாளிக்கு இரவு பகல் எந்நேரமும் பாதம் எரிவதும் வேறு.

2010 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில் 33 சதவீதத்தினருக்குக் கால் குடைச்சலும் இருந்தது. அந்த நோய் இல்லாதவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டுமே அது இருந்தது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் மேலும் கெடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்திருக்கும்போது நடுச்சாமத்தில் எழும்பி நடப்பதற்கு இடம் ஏது? வெளியே மழை, இருட்டு, வழுக்கும் படிகள். பக்கத்தில் படுத்த பிள்ளை விழித்துவிடும் என்று காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்து, பிறகு பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இரண்டு நோய்களும் சேர்ந்திருக்கும்போது மருந்து விஷயத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பைப்ரோமயால்ஜியாவுக்கு வழக்கமாக எழுதப்படும் அமிட்ரிப்டிலின், டுலொக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கால் குடைச்சலைக் கிளப்பிவிடும். தூக்கம் வரட்டும் என்று பலர் தாங்களாகவே விழுங்கும் பிரிடோன் போன்ற அரிப்பு மாத்திரைகளும், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படியே. வலிக்கு மருந்து தொடங்கிய பிறகு கால் மோசமானால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. பிரீகபலின், கபபென்டின் வகை மருந்துகள் இரண்டு நோய்களுக்கும் உதவக்கூடியவை. ஆனால் தலைசுற்றும், தூக்கம் அசத்தும். செங்குத்தான கொழுந்து மலையில் காலை ஏழு மணிக்கு நிற்பவருக்கு அது சின்ன விஷயமல்ல. சிறுநீரக நோய் உள்ளவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், மதுவோடு சேரவே கூடாது. கால் குடைச்சலுக்கு முன்பு முதல் மருந்தாகத் தரப்பட்ட பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை நாளடைவில் நோயையே கூட்டிவிடுவதால், அவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2025 இல் அறிவுறுத்தியது.

மலையகத்தில் மருந்துக்கும் முன்னால் பார்க்கவேண்டியது இரும்புச்சத்து. மூளையில் இரும்பு குறைவது கால் குடைச்சலின் முக்கிய காரணங்களில் ஒன்று. தோட்டத்துப் பெண்களிடம் இரத்தக் குறைவு நெடுங்காலமாக இருந்துவருகிறது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களைப் பிடிக்கும் கொக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவங்கள், அதிக மாதப்போக்கு எல்லாம் அதற்குக் காரணங்கள். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதும் ஒரு காரணம். தேயிலையிலுள்ள சேர்மங்கள் சோறு, ரொட்டி, கீரை, பருப்பிலிருந்து வரும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தேத்தண்ணியை விட்டுவிடச் சொல்லவில்லை, அதை எங்கள் மக்களிடம் சொல்வதும் நியாயமில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட்டால் போதும். அந்திக்குப் பிறகு குறைத்தால் தூக்கத்துக்கும் நல்லது. கீரையில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். நெத்திலிக் கருவாடும் நல்லது.

"இரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் கையிருப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் சோதனை. கால் குடைச்சல் உள்ளவருக்கு ஃபெரிட்டின் லீட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்பு கொடுப்பதை மருத்துவர்கள் பரிசீலிக்கிறார்கள். சாதாரண இரத்தச்சோகைக்குப் பார்க்கும் எல்லை இதைவிட மிகக் குறைவு. ஆகவே சோதனைக்குக் கேட்கும்போதே கால் குடைச்சலைச் சொல்லிக் கேட்க வேண்டும். சோதிக்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவதும் தவறு, ஏனெனில் இலங்கையில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் கணிசமாக உள்ளனர். அவர்களின் இரத்தமும் மெலிந்தே தோன்றும், இரும்பு அவர்களுக்குத் தேவைப்படாமலும் இருக்கலாம். மாத்திரைப் பொட்டலத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். அளவு மீறினால் அது பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

இந்த இரு நோய்களையும் உறுதிப்படுத்தும் எக்ஸ்ரே கிடையாது, ஸ்கேன் கிடையாது. இரத்தச் சோதனைகள் தைராய்ட், மூட்டுவாதம் போன்ற வேறு நோய்களை விலக்கவும், இரும்பின் அளவை அறியவும்தான் உதவும். நோயாளி சொல்வதுதான் முக்கியச் சான்று. அதனால் தமிழில் சொல்லிப் புரியவைக்க முடிவது சிகிச்சையின் ஒரு பகுதி. 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆவது திருத்தம் அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை வகுத்தது. நுவரெலியா, நாவலப்பிட்டி வைத்தியசாலைகளுக்கும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் அது பொருந்தும். மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். நடைமுறையில் மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறார்கள். மகன் முன்னால் எந்தத் தாய் தன் மாதப்போக்கைப் பற்றிப் பேசுவார்? இரும்பு குறைந்த காரணம் அங்கேயே மறைந்துபோகிறது. தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். எந்த நேரத்தில் கால் குடைகிறது, நடந்தால் தணிகிறதா, எங்கெங்கே எத்தனை மாதமாக வலி, என்னென்ன மாத்திரை எடுத்தீர்கள் என்பதை வீட்டிலேயே தமிழில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். டிஸ்பென்சரியில் தீரவில்லை என்றால் பெரிய வைத்தியசாலைக்குத் துண்டு கேளுங்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் கால் குடைச்சல் அடிக்கடி வரும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடும். குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், கடையில் மாத்திரை வாங்காதீர்கள். டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைப்ரோமயால்ஜியா வலிக்குப் பெரிதாக உதவுவதுமில்லை. தினமும் எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடனே சுகம் தரும் என்று போடப்படும் ஸ்டீரொய்ட் ஊசியும் இந்த நோய்க்கான மருந்தல்ல. மூட்டு வீங்கினாலோ, காய்ச்சலோடு மெலிந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அது வேறு நோய், தாமதிக்கவே கூடாது. தூங்காத இரவுகள் மனதையும் உடைக்கும். வாழ்வை வெறுக்கும் எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

பைப்ரோமயால்ஜியாவுக்கு மருந்தைவிட உடற்பயிற்சியையே ஐரோப்பிய வாதவியல் அமைப்பு வலுவாகப் பரிந்துரைக்கிறது. நாள் முழுக்க மலையில் நடப்பவருக்கு இன்னும் என்ன பயிற்சி என்று கேட்கத் தோன்றும். பயன் தருவது தன் உடம்புக்கு ஏற்ற வேகத்தில் சிறிது சிறிதாகக் கூட்டும் அசைவு. கொழுந்து எடுப்பவர் கையில் இல்லாதது அந்த வேகம்தான். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனபோது, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்றும் முடிவானது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் சம்பளத்தை 1550 ஆக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபா ஊக்கத்தொகை தரவும் முன்மொழிந்தது. உயர்வு வேண்டியதுதான். ஆனால் வருகையோடும் கிலோவோடும் கட்டப்பட்ட காசு, ஒரு நாள் எழும்பவும் மறுநாள் எழும்பாமலும் இருக்கும் நோயாளியைத்தான் முதலில் தண்டிக்கும். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் உள்ள சுகயீனத்துக்கான சம்பள விடுமுறை கொழுந்து எடுப்பவருக்குப் பொருந்தாது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் எழுப்பவேண்டிய முதல் விஷயங்களில் அந்த விடுமுறையும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

1996 இன் 28 ஆம் இலக்க அங்கவீனமுற்றோர் உரிமைச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாட்டைத் தடுக்கிறது. இலகுவான வேலை கொடுக்கும்படி தோட்டத்தைக் கட்டாயப்படுத்த அது போதாது. ஆகவே மருத்துவரிடம் எழுத்தில் பரிந்துரை வாங்கி, தலைவர் மூலம் துரையிடம் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்வதே இப்போதைக்கு உள்ள வழி. மோசமான ஒரு மாதத்தில் மனமுடைந்து விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். நிரந்தரமாக வேலை செய்யவே முடியாத நிலையை மருத்துவர்கள் உறுதிப்படுத்தினால், வயது வருமுன்னரே ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். அது கடைசி வழி. நோயைக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிளினிக் கொப்பியையும் மருத்துவரின் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள், அங்கே அவை உதவும்.