மடியில் வைத்துப் பிடிக்க முடியாத பிள்ளைகள்

கைக்குழந்தைக்கு ஊசி போடுவது பெரிய காரியமில்லை. மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டால் போதும். வீலென்று அழும், பால் கொடுத்தால் மறந்துவிடும். அதே குழந்தை வளர்ந்து காலேஜுக்குப் போகிற வயதில் மடியில் வைத்துப் பிடிக்க முடியுமா? அதுவே மனதாரச் சம்மதித்தால்தான் உண்டு! இதை நம் வீடுகள் நன்றாகத் தெரிந்துகொண்ட வருஷம் 2021.

அந்த வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி ஆரம்பமாயிற்று. மருத்துவப் பணியாளர்கள், வயதானவர்கள் என்று வரிசையாக வந்து, மே 1-ஆம் தேதிதான் 18 வயது நிரம்பியவர்களின் முறை வந்தது. அதே மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் நோய் கண்டது. அப்படியிருந்தும், "போட்டுக்கலாமா, வேண்டாமா?" என்று தயங்கிய கல்லூரி மாணவ மாணவியர் உண்டு. 'பிடிவாதம்' என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு தயக்கத்துக்கும் ஒரு காரணம் இருந்தது.

"எனக்கெல்லாம் ஒண்ணும் வராதும்மா!"

இதில் பாதி நிஜம். இளம் வயதினருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் அறவே இல்லை என்பதில்லை. தவிர, பிள்ளைக்கு வெறும் ஜலதோஷமாக வந்தது, சர்க்கரை வியாதியுள்ள பாட்டிக்கு மூச்சுத் திணறலாக மாறக்கூடும். ஊசி போட்டால் நோய் தொற்றவே தொற்றாது என்பதில்லை. முற்றி உயிருக்கு ஆபத்தாகாமல் பெருமளவு காக்கும்.

"விவேக்குக்கு என்ன ஆச்சு, பார்த்தீங்களா?"

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊர் முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது. ஆனால் அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. வதந்திக்குத்தான் கால் வேகம் ஜாஸ்தியாயிற்றே!

"தூரத்து நாளில் போடக் கூடாதாமே?"

மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி கூடாது என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றியது. அது பொய் என்று அரசே அந்த ஏப்ரலில் அறிவித்தது. சிலருக்கு மாதவிலக்குத் தேதி சற்றுத் தள்ளிப்போனது உண்மை. சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவுதான், பிறகு தானே சரியாகிவிட்டது. குழந்தை பிறக்காது என்ற பேச்சுக்கோ ஆதாரமே இல்லை. அந்த ஜூலையில் கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட அனுமதி கிடைத்தது.

அம்மா என்ன செய்யலாம்?

"பயந்தாங்கொள்ளி!" என்று கேலி செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்; பயம் உள்ளேயே இருக்கும். "உனக்கு எது பயமா இருக்கு, சொல்லு" என்று கேளுங்கள். மாதவிலக்கை நினைத்துப் பயப்படும் பெண்ணிடம் பாட்டியின் சர்க்கரை வியாதியைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. எந்தப் பயமோ, அதற்கேற்ற பதில் வேண்டும். நமக்குத் தெரியாவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போய், பிள்ளையையே கேட்கவிடலாம்.

"ஒண்ணுமே செய்யாது" என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். கைவலியும் ஓரிரு நாள் ஜுரமும் வரலாம். கோவிஷீல்டு போட்டவர்களில் மிக மிக அபூர்வமாகச் சிலருக்கு இரத்தம் உறைந்ததும் உண்மைதான். ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்வதும், ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருவதும் உடனே ஒவ்வாமை வந்தால் கவனிப்பதற்காகத்தான். உள்ளதை உள்ளபடி சொல்லும் அம்மாவின் பேச்சைத்தான் பிள்ளை அடுத்த முறையும் நம்பும்.

அடுத்த முறை என்று ஒன்று இல்லாமலா போகும்? கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போடுவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "இது எதுக்கும்மா எனக்கு?" என்று மகள் கேட்பாள். "கேள்வி கேட்காதே" என்று அடக்காமல், பக்கத்தில் உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள்.