குள்ளமா? நீங்கதான் 'கார்டு'!

குட்டீஸ்... பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரிக்குக் கொண்டு வந்த 'பெத்தாங்க்' என்ற இரும்புக் குண்டு விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் யாரும் உயரத்தைப் பார்ப்பதில்லை. கூடைப்பந்து என்றால் மட்டும், 'நான் குள்ளம், எனக்கு வராது' என்று ஒதுங்கி விடுகிறீர்களே, ஏன்?

அணியில் ஐந்து பேர். பந்தைத் தட்டியபடியே கொண்டு வந்து, யாருக்குத் தருவது என்று முடிவு செய்பவர்தான், 'கார்டு'. எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். இதற்கு உயரத்தை விட வேகமும், கூர்மையான பார்வையும்தான் முக்கியம். அமெரிக்காவின் மக்சி போக்ஸ், 5 அடி 3 அங்குலம்தான். ஆனாலும், 1987 முதல் 2001 வரை என்.பி.ஏ., போட்டிகளில் ராட்சத வீரர்களுக்கு நடுவே புகுந்து விளையாடினார்!

'பஸ்ஸர்பீட்டர்' என்று ஒரு இணைய விளையாட்டு. இதில் நீங்கள் பந்தைத் தொடவே முடியாது. நீங்கள் அணியின் மேலாளர். இளம் வீரர்களைச் சேர்த்து, வாரம் ஒரு திறமையில் பயிற்சி தர வேண்டும். வயது குறைந்தவர் வேகமாகக் கற்பார். உயரம் குறைந்தவருக்கு, 'கார்டு' வித்தைகள் சீக்கிரம் வரும்.

இங்கேதான் சிக்கல். களத்தில் ஆடினால்தான் பயிற்சி ஏறும். வாரம் 48 நிமிடம் அந்த இடத்தில் ஆடினால்தான் முழுப் பலன். கற்றுக்குட்டியை இறக்கினால், பந்தைப் பறிகொடுப்பார், ஆட்டம் தோற்கலாம். பெஞ்சிலேயே உட்கார வைத்தால், அடுத்த ஆண்டும் அவர் கற்றுக்குட்டிதான். எது வேண்டும்? அதனால், நட்பு ஆட்டங்களிலும், எளிய எதிரணி வரும் நாளிலும் அவரை முழு நேரம் ஆட விடுவது நல்ல யோசனை.

நிஜத்திலும் அப்படித்தான். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையும், 'கார்டு'தான். சின்ன வயதிலேயே களமிறங்க வாய்ப்புக் கிடைத்தது. 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவி! 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். குழந்தை பிறந்த பிறகும் விடவில்லை. 2017ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை, 'பி' பிரிவில் வென்ற அணியிலும் இருந்தார். 2021ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

உங்களுக்கு ஒரு பயிற்சி... பந்தைப் பார்க்காமல், இடது கையால் தட்டுங்கள். எதிரே நிற்கும் நண்பன் காட்டும் விரல்களை எண்ணி, உரக்கச் சொல்லுங்கள். முதல் நாள் பந்து சாக்கடைக்குத்தான் ஓடும். கழுவி எடுத்து வந்து, மறுபடி தட்டுங்கள்!