எக்ஸ்ரேக்கு முந்தும் விரல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வழுக்கி விழுவதும் தொடங்கிவிடும். ஐந்தருவியில் இடறிய பிள்ளை இரண்டு நாள் கழித்து நொண்டினால், வீட்டில் யாரும் காரணம் தேடுவதில்லை. சுளுக்கு என்று எண்ணெய் காய்ச்சித் தடவுவார்கள். கேட்காவிட்டால் கைராசிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் அது சுளுக்காகவே இருக்கும். எப்போதோ ஒன்று எலும்புக்குள் சீழ் பிடித்ததாக இருந்துவிடும். இந்தக் குழப்பத்துக்கு நோயும் உடந்தை. எலும்புத் தொற்று கண்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சமீபத்தில் அடிபட்ட கதை உண்டு. வளரும் எலும்பின் முனையில் ரத்த ஓட்டம் மந்தம். ஏதோ ஒரு சிரங்கிலிருந்து ரத்தத்தில் ஏறிய ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி அங்கே தங்கிவிடும். முழங்காலை ஒட்டிய எலும்புகளில்தான் இது அதிகம்.

ஐம்பது ஆண்டுக்கு முன்பு, தென்காசியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டும். போய்ச் சேரும் இடம், 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் கையில் இருந்தவை தெர்மாமீட்டர், வெள்ளணு எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர். ஆகிய ரத்தச் சோதனைகள், எக்ஸ்ரே. இவற்றில் எக்ஸ்ரேதான் நம்பவைத்து ஏமாற்றியது. எலும்பின் சுண்ணாம்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் படத்தில் மாற்றம் தெரியும். அதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்துப் படம் சுத்தமாக இருக்கும். அதை நம்பித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை, தோல் உடைந்து சீழ் வடிய மறுபடி வரும். செத்த எலும்புத் துண்டு அந்தத் துளை வழியே வருவதும் உண்டு. முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஒட்டி உள்வாங்கிய தழும்பு சில பெரியவர்களிடம் இன்றும் இருக்கிறது.

தேர்ந்த டாக்டர் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தாய் மடியிலேயே இருக்கவிட்டு, நோகாத காலில் ஆரம்பித்து, ஒற்றை விரலால் எலும்பைத் தொட்டுக்கொண்டே வருவார். கண் பிள்ளையின் முகத்தில் இருக்கும். சுளுக்கானால் வலி மூட்டைச் சுற்றிப் பரவி நிற்கும். எலும்புச் சீழானால் ஒரு விரலகலத்தில் குத்தி நிற்கும். அந்த இடம் பட்டதும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. ஈ.எஸ்.ஆருக்குத் துணையாக சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனை வந்திருக்கிறது. அதன் அளவு தொற்று தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, மருந்து பிடித்தால் சில நாளில் இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும். அல்ட்ராசவுண்ட் இடுப்பு மூட்டில் கோத்த நீரைக் காட்டுகிறது. அது சீழா, தானே ஆறும் அழற்சியா என்று பிரித்தறிய, காய்ச்சல், காலூன்ற முடியாமை, ஈ.எஸ்.ஆர். 40-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல் என்ற நான்கு அறிகுறிகளை 1999-இல் பாஸ்டனில் கோக்கர் குழுவினர் வகுத்தார்கள். எம்.ஆர்.ஐ. முதல் சில நாளிலேயே மஜ்ஜையின் வீக்கத்தைக் காட்டிவிடுகிறது. வாரக்கணக்கில் மெல்ல நொண்டும் பிள்ளைக்குக் காசநோய்ச் சந்தேகம் வந்தால், கல்ச்சருக்கு ஆறேழு வாரம் காத்திருந்தது போய், சிபிநாட் என்ற மரபணுச் சோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை சொல்கிறது.

எம்.ஆர்.ஐ.யில் அசையாமல் கிடக்கச் சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து வேண்டும். காலில் எந்த இடத்தை எடுப்பது என்று சீட்டில் எழுதவும் வேண்டும். பேசத் தெரியாத பிள்ளையிடம் அதைக் கேட்டறிவது இன்னமும் விரல்தான். ஆனால் வெளிநோயாளிகள் வரிசையில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் விரல் எங்கே எலும்பு எலும்பாக நடக்கப்போகிறது? சி.ஆர்.பி.க்கு எழுதிக் கொடுப்பது சுலபம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. காய்ச்சல் என்றதும் மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் கொடுத்துவிட்டுத்தான் பல வீடுகளில் கிளம்புகிறார்கள். காய்ச்சல் பாதி இறங்கியிருக்கும். எலும்புக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். சாதாரண மருந்துக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் பெருகிவிட்ட இந்நாளில், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது முன்னைவிட அவசியமாகத் தெரிய வேண்டும். அரைகுறையாக மருந்து கண்ட ரத்தமோ கல்ச்சர் பாட்டிலில் பேசுவதில்லை. ஸ்கேன் இடத்தைத் துல்லியமாகக் குறித்துத் தந்திருக்கும். இரண்டு நாள் கழித்து வளர்ச்சி ஏதுமில்லை என்று கல்ச்சர் ரிப்போர்ட் வரும். டாக்டர் அனுமானத்தில் ஊசியைத் தொடர்வார்.