அமுக்கச் சீராக்கியின்றித் தெளிகருவியை இயக்குதல்

நெல்லுக்கும் மரக்கறிக்கும் மருந்து தெளிக்கும் கமக்காரர் மருந்தை அளந்து ஊற்றுகின்றனர். நீரையும் அளந்து சேர்க்கின்றனர். ஆயின், நொசில் என்று வழங்கும் தெளிமுனையிலிருந்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு கரைசல் வெளிவருகின்றது என்பதை அளப்போர் மிகச் சிலரே. அவ்வளவைப் பெரிதும் நிர்ணயிப்பது கரைசலை உந்தும் அமுக்கமாகும்.

இவ்வமுக்கத்தை ஒரே நிலையில் வைத்திருப்பதற்காகச் சில தெளிகருவிகளில் அமுக்கச் சீராக்கி என்னும் சிறு வால்வு பொருத்தப்பட்டுள்ளது. வண்டல் அடைத்தோ, உள்ளிருக்கும் சுருள்வில் துருப்பிடித்தோ அது பழுதுற்றால், பலர் அதனைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். கருவி முன்னிலும் வேகமாகத் தெளிப்பது கண்டு மகிழ்வோரும் உளர். இதனால் வரும் நட்டம் அன்றைக்குத் தெரிவதில்லை. பின்னர் பயிரிலும் பணத்திலுமே தெரியவரும்.

அமுக்கமும் தெளிப்பளவும்

அமுக்கம் நான்கு மடங்கானால், அதே தெளிமுனையிலிருந்து வெளிவரும் கரைசல் இரு மடங்காகும். அமுக்கம் இரு மடங்கானால், கரைசல் ஏறக்குறைய 1.4 மடங்காகும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

சீராக்கி பொருத்திய கைபிடித் தெளிகருவி ஒன்று 1.5 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 800 மில்லிலீற்றர் தெளிக்கின்றது என்க. தெளிப்பவர் நிமிடத்துக்கு 40 மீற்றர் நடந்து, 1 மீற்றர் அகலத்துக்குத் தெளித்தால், ஓர் ஏக்கருக்குச் சுமார் 80 லீற்றர் செல்லும். 16 லீற்றர் தாங்கியில் இது 5 தாங்கியாகும். சீராக்கியைக் கழற்றியபின் அமுக்கம் 3 பாருக்கு உயர்ந்தால், அதே நடையில் அதே ஏக்கருக்கு 7 தாங்கி செலவாகும். தாங்கிக்கு இடும் மருந்தின் அளவை மாற்றாதவர் ஐந்து பங்கு மருந்து போதுமான வயலில் ஏழு பங்கு மருந்தை இட்டவராவார். களைகொல்லியாயின் நெற்பயிரே வாட்டமடையக் கூடும்.

கை தளர்ந்து அமுக்கம் பாதியாகக் குறைந்தாலோ, அவ்வேக்கருக்கு மூன்றரைத் தாங்கியே செல்லும். களை முற்றாக மடியாது, பூச்சியும் எஞ்சும். மருந்து பலனற்றது என்று எண்ணி மீண்டும் தெளிக்க நேரிடும்.

வளியடைத்த தெளிகருவி

முன்னரே வளியை அடைத்துப் பின்னர் தெளிக்கும் கருவிகளில் இவ்வேறுபாடு மேலும் பெரிதாகும். வளித்துப்பாக்கியில் அமுக்கச் சீராக்கி இல்லாவிடின், ஒருமுறை அடைத்த வளியால் எய்யும் முதற் குண்டும் கடைசிக் குண்டும் ஒரே வேகத்திற் செல்வதில்லை. இத்தெளிகருவியும் அவ்வாறே.

10 லீற்றர் தாங்கியில் 7 லீற்றர் கரைசல் ஊற்றி, எஞ்சிய இடத்தில் 4 பார் வரை வளி அடைக்கப்பட்டது எனக் கொள்க. 3 லீற்றர் தெளித்து முடிந்ததும் வளி விரிந்து, அமுக்கம் 1.5 பாருக்கு இறங்கிவிடும். அப்பொழுது வெளிவரும் கரைசல் தொடக்கத்தில் வந்ததில் நூற்றுக்கு 61 பங்கு மட்டுமே. வரம்பின் ஒரு முனையில் மிகுதியும் மறுமுனையிற் குறைவும் நேர்வது இதனாலேயே.

துளியின் பருமன்

அமுக்கம் கூடினால் துளி நுண்ணியதாகும். துளியின் விட்டம் பாதியானால் அதன் கனவளவு எட்டில் ஒரு பங்காகும். அத்தகைய துளி மெதுவாக விழுந்து, காற்றோடு அயல் நிலத்துக்குச் செல்லும். அகன்ற இலைக் களைகளுக்காக வயலில் தெளிக்கும் மருந்து இவ்வாறு பரவினால், அயலவரின் தக்காளி, மிளகாய் முதலியவற்றின் இலைகள் முறுகிச் சுருளும். தெளிப்பவரின் முகத்திலும் சுவாசத்திலும் படுவதும் இத்துளியே.

அமுக்கம் மிகக் குறைந்தால் துளி பெருத்து, இலையில் தங்காது வழிந்தோடும். இலையின் அடிப்புறத்திலுள்ள வெண்ணீக்கும், நெற்றூரின் அடியிலுள்ள கபிலநிறத் தத்திக்கும் அம்மருந்து எட்டாது.

சீராக்கி இல்லாதவிடத்துச் செய்யவேண்டியவை

புதிய சீராக்கி கிடைக்கும்வரை தெளிப்பவரின் கையே சீராக்கியாக அமைதல் வேண்டும். அதற்குப் பின்வருவனவற்றைக் கைக்கொள்க.

1. முதலில் வெறும் நீரை நிரப்பி, ஒரே சீராகக் கைபிடியை இயக்கி, ஒரு நிமிடத்தில் வரும் நீரை வாளியிற் பிடித்து அளக்கவும். இவ்வாறு மூன்று முறை செய்க. மூன்று அளவுகளுக்குமிடையே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருப்பின், கை இன்னும் சீர்ப்படவில்லை.

2. அளந்து பார்த்தவரே தெளிக்கவும் வேண்டும். ஒருவர் கையின் வேகம் மற்றவருக்கு வாராது.

3. 10 மீற்றர் அகலமும் 25 மீற்றர் நீளமும் கொண்ட இடத்தை அளந்து, அளந்த நீரை வழக்கமான நடையில் அங்கே தெளிக்கவும். இவ்விடம் ஏறக்குறைய ஒரு பரப்பாகும். செலவான நீரைப் பதினாறாற் பெருக்கினால் ஏக்கருக்குரிய அளவு கிடைக்கும்.

4. அவ்வளவுக்கு எத்தனை தாங்கி வேண்டும் எனக் கணித்து, சுட்டுத்துண்டில் ஏக்கருக்குக் குறித்த மருந்தை அத்தனை தாங்கிக்கும் சமமாகப் பங்கிடுக. பழைய கணக்கின்படி தாங்கிக்கு இத்தனை மூடி என்று ஊற்றுதல் கூடாது.

5. வளியடைத்த கருவியாயின், ஒவ்வொரு லீற்றர் தெளித்தபின்னும் மீண்டும் முன்னைய அமுக்கம் வரை வளி அடைக்கவும். அமுக்கமானியும் காப்பு வால்வும் இல்லாத கருவியைப் பயன்படுத்தலாகாது; தாங்கி வெடித்தல் உயிராபத்தாகும். மூடியைத் திறக்குமுன் வளியை முற்றாக வெளியேற்றுக.

6. சீராக்கியற்ற வளியடைத்த கருவியாற் களைகொல்லி தெளிக்க வேண்டாம். கைபிடிக் கருவியிலும் களைகொல்லிக்குத் தட்டை விசிறலுக்குரிய தெளிமுனையைப் பொருத்தி, கைபிடியை மெதுவாக இயக்கவும்.

சீராக்கியைப் பேணல்

சீராக்கி பழுதுறுவதற்குப் பெரும்பாலும் அழுக்கு நீரே காரணம். வாய்க்கால் நீரைத் துணியால் வடித்தே தாங்கியில் ஊற்றவேண்டும். வேலை முடிந்தபின் மும்முறை சுத்தமான நீரைத் தெளித்துக் கருவியைக் கழுவி, நிழலில் உலர விடுக. கழுவிய நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேரலாகாது. அடைபட்ட தெளிமுனையைக் கம்பியாற் குத்துதலும் வாயால் ஊதுதலும் தவறு. மெல்லிய தூரிகையாற் சுத்தஞ் செய்க. அதே அமுக்கத்திற் புதிய முனையைவிடப் பத்தில் ஒரு பங்கு மிகுதியாகத் தெளிக்கும் பழைய முனையை மாற்றிவிட வேண்டும்.

சீராக்கி சிறு உறுப்பேயாயினும், ஒரு போகத்தில் வீணாகும் மருந்தையும் கெடும் பயிரையும் எண்ணினால் அதனை வாங்கிப் பொருத்துதல் செலவன்று. பொருத்துமுன் அது தம் கருவிக்கு ஏற்றதோ எனக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேட்டறிதல் நன்று. அதுவரை, வெறும் நீரால் அளந்து பாராத கருவியில் மருந்தை ஊற்றாதிருப்பார்களாக.